வெள்ளத்தில் செத்த பசுவுக்கு 37,500 ரூபாய்: இது என்ன கணக்கு?

என் சித்தியின் ஊர் தென்பெண்ணைக் கரையில் இருக்கிறது. 2024 டிசம்பர் 2ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழை ஒருபுறம், சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் மறுபுறம் என்று ஆறு ஊருக்குள் புகுந்தது. சித்தி பேரப்பிள்ளைகளோடு பள்ளிக்கூட மாடிக்கு ஏறிவிட்டார். கொட்டகையில் ஒரு கறவைப் பசுவும் இரண்டு வெள்ளாடுகளும் கட்டியிருந்தன. தண்ணீர் வடிந்த பிறகு போய்ப் பார்த்தபோது பசு கட்டுத்தறியிலேயே கிடந்தது. ஓர் ஆடு மூன்றாம் நாள் கரும்புக் காட்டில் கிடைத்தது. இன்னொன்று கிடைக்கவே இல்லை.

அடுத்த வாரம் டீக்கடையில் இதுதான் பேச்சு. “மாட்டுக்கு 37,500 இழப்பீடு தருகிறார்கள்” என்றார் ஒருவர். “அது இன்சூரன்ஸ் பணம், பதிந்து வைத்திருந்தால்தான் கிடைக்கும்” என்றார் அடுத்தவர். “எல்லாம் கடன்தான், பிறகு பிடித்துக்கொள்வார்கள்” என்றார் மூன்றாமவர். மூவரும் அடித்துச் சொன்னார்கள். மூவர் சொன்னதும் தவறு. அந்தப் பேச்சை நம்பி இரண்டு வீட்டுக்காரர்கள் மனுவே கொடுக்கவில்லை என்று பிற்பாடு தெரிந்தபோதுதான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது.

நான்கு பணம், நான்கு கேள்வி

ஊரில் ஒரு குடிசை எரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அன்று மாலையே ஒருவர் அரிசி கொண்டுவருகிறார், இன்னொருவர் பாய், மற்றொருவர் பாத்திரம். எரிந்த பெட்டிக்குள் எத்தனை பட்டுப்புடவை இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. எரித்தது அவர்கள் இல்லை. ஆனாலும் கொடுக்கிறார்கள், அடுத்த வேளைக்கு அடுப்பு எரிய வேண்டுமே என்று. இதுதான் நிவாரணம்.

பக்கத்து வீட்டுக்காரர் எருமை உங்கள் நெல் வயலில் இறங்கி மேய்ந்துவிட்டால் நீங்கள் பாய் கேட்க மாட்டீர்கள். மேய்ந்துபோன நெல்லுக்கு விலை கேட்பீர்கள். அவரால் நேர்ந்த நட்டத்தை அவரே ஈடுகட்ட வேண்டும். இது இழப்பீடு.

சில ஊர்களில் சாவுச் செலவுக்கென்று சங்கம் இருக்கும். மாதாமாதம் சந்தா கட்டிய வீட்டில் சாவு விழுந்தால் சங்கம் பணம் தரும். கட்டாதவர் வீட்டில் விழுந்தால், வருத்தம் மட்டும் தெரிவிக்கும். இது காப்பீடு.

“நீ மாடு வாங்கு, பாதிப் பணம் நான் போடுகிறேன்” என்று அண்ணன் தங்கைக்குச் சொன்னால் அது மானியம். இங்கே யாருக்கும் எதுவும் அழியவில்லை. இனி வாங்கப்போவதற்கு உதவி, அவ்வளவுதான்.

கால்நடை வளர்ப்பவருக்கு இந்த நான்கு வழியிலும் அரசுப் பணம் வருகிறது. கைக்கு வந்தபின் எல்லாம் ஒரே நோட்டுதான், ஆனால் வாசலில் கேட்கும் கேள்வி வேறு. நிவாரணம் “எதனால் செத்தது?” என்று கேட்கும். இழப்பீடு “யாரால் செத்தது?” என்று கேட்கும். காப்பீடு “சந்தா கட்டினாயா?” என்று கேட்கும். மானியம் “என்ன வாங்கப் போகிறாய்?” என்று கேட்கும். சித்தியின் பசுவுக்கு வந்த 37,500 முதல் வகை. திருப்பிக் கட்ட வேண்டியதில்லை, முன்கூட்டிப் பதிந்திருக்கவும் வேண்டியதில்லை.

பட்டியலில் என்ன இருக்கிறது

புயல், வெள்ளம் போன்றவற்றுக்கு எதற்கு எவ்வளவு தரலாம் என்று மத்திய உள்துறை அமைச்சகம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. வீடு, பயிர், படகு என்று நீளும் அந்தப் பட்டியலில் கால்நடைக்கும் ஒரு பகுதி உண்டு. 2022 முதல் 2026 வரையிலான காலத்துக்கு வகுத்த பட்டியல்படி, கறவைப் பசு, எருமைக்கு 37,500 ரூபாய். (இமயமலை யாக்கும் ராஜஸ்தான் ஒட்டகமும் அதே வரியில் இருக்கின்றன. நாடு முழுவதற்கும் ஒரே பட்டியல் என்பதால் நம் ஊர் வி.ஏ.ஓ. கையேட்டிலும் யாக் வரும்.) வெள்ளாடு, செம்மறியாடு, பன்றிக்கு 4,000. ஏர், வண்டி இழுக்கும் காளைக்கு 32,000. கன்றுக்கும் கழுதைக்கும் 20,000. கோழிக்கு 100.

இதற்கு முந்தைய பட்டியலில் பசுவுக்கு 30,000, ஆட்டுக்கு 3,000 என்றிருந்தது. தமிழ்நாட்டில் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலை ஒட்டித்தான் 30,000 என்பது 37,500 ஆகவும், 3,000 என்பது 4,000 ஆகவும் உயர்ந்தது. பழைய தொகையை இன்னும் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் உண்டு, அதனால் இதை இங்கே குறிப்பிடுகிறேன்.

பலருக்குத் தெரியாத ஒன்று, இதில் உச்சவரம்பு உண்டு. உச்சவரம்பு என்றால் ஒரு குடும்பத்துக்கு இத்தனை உயிருக்கு மேல் கணக்கில் எடுக்க மாட்டார்கள் என்பது. பெரிய கறவை மாடு என்றால் 3, ஆடு போன்ற சிறியவை என்றால் 30, பெரிய இழுவை மாடு 3, கன்று போன்றவை 6. கோழிக்கு எண்ணிக்கைக்குப் பதிலாகத் தொகையிலேயே கட்டு, ஒரு குடும்பத்துக்கு 10,000 ரூபாய்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். ஐந்து பசுக்களை இழந்தவருக்கு மூன்றுக்கு மட்டும், அதாவது 1,12,500. நாற்பது ஆடுகளை இழந்த கீதாரிக்கு முப்பதுக்கு, அதாவது 1,20,000. புறக்கடையில் இருபது நாட்டுக்கோழி வைத்திருந்தவருக்கு 2,000 முழுமையாக வரும். ஐயாயிரம் கோழி உள்ள பண்ணை மூழ்கினால்? அதே 10,000தான். நூறு கோழியோடு அரசின் கணக்கு முடிந்துவிடுகிறது. பட்டியலின் இந்தப் பகுதிக்குத் தலைப்பே ‘சிறு, குறு விவசாயிகளுக்கான உதவி’ என்பதுதான். பண்ணை முதலாளி வங்கியையும் காப்பீட்டையும் பார்த்துக்கொள்வார், புறக்கடைக் கோழிக்காரிக்கு வேறு யாரும் இல்லை என்ற எண்ணம் இதன் அடியில் இருக்கிறது.

சுருக்கமாக: தொகை விலங்கின் வகையைப் பார்த்து வருகிறது, எண்ணிக்கைக்கு ஒரு குடும்ப எல்லை இருக்கிறது.

ஏன் சந்தை விலை இல்லை?

சித்தியின் பசு ஜெர்சி கலப்பு. இரண்டாம் ஈற்று. காலையும் மாலையுமாகப் பன்னிரண்டு லிட்டர் கறந்தது. அதே தரத்தில் ஒரு பசுவைச் சந்தையில் பிடித்துவர 37,500 போதாது என்பது மாடு வைத்திருக்கும் எவருக்கும் தெரியும். பட்டியலோ இந்தத் தொகையை ‘மாற்றுக் கால்நடை வாங்க’ என்று குறிப்பிடுகிறது. எழுதியவர் எந்தச் சந்தையில் விசாரித்தாரோ!

ஆனால் ஒரே தொகை வைத்ததில் ஒரு நியாயம் இருக்கிறது. செத்த மாட்டுக்கு விலை போட வேண்டுமென்றால் அதன் ஈற்று, கறவை, வயது, சினை எல்லாவற்றுக்கும் ஆதாரம் வேண்டும். ஒவ்வொரு கொட்டகையிலும் பேரம் நடக்கும். ஆயிரக்கணக்கான மாடுகள் செத்த மாவட்டத்தில் அந்தப் பேரம் முடிய அடுத்த மழைக்காலம் வந்துவிடும். எரிந்த குடிசைக்கு அரிசி கொண்டுவருபவர் மூட்டையை நிறுத்துப் பார்ப்பதில்லை அல்லவா, அதே காரணம்தான். அமெரிக்காவில் இதற்கென உள்ள திட்டம் சந்தை விலையில் 75 விழுக்காடு தருகிறது. அங்கேகூட அது உங்கள் மாட்டின் விலை ஆகாது, அந்த வகை மாட்டின் சராசரி விலை.

ஒரே தொகை என்பதை நான் ஏற்கிறேன். அந்தத் தொகையை ஐந்தாண்டுக்கு ஒருமுறைதான் தொடுவது என்பதை ஏற்க முடியவில்லை. தவிட்டு விலையும் பிண்ணாக்கு விலையும் ஐந்தாண்டு காத்திருப்பதில்லை. வளர்ந்த வெள்ளாட்டுக்கு 4,000 என்பதைத் தீபாவளிச் சந்தையில் சொன்னால் சிரிப்பார்கள். பால் வருமானம் நின்றுபோனதற்கும் இதில் எதுவும் கிடையாது. சினைப்பசு செத்தாலும் ஓர் உயிராகத்தான் கணக்கு.

“எதனால் செத்தது?”

வாசலில் கேட்கும் முதல் கேள்விக்கு வருவோம். 2022 முதல் 2026 வரையிலான காலத்துக்கு, நிவாரணம் தர அரசு 12 பேரிடர்களை வரையறுத்திருந்தது. புயல், வெள்ளம், வறட்சி, நிலநடுக்கம், தீ, சுனாமி, ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, பனிச்சரிவு, மேகவெடிப்பு, பூச்சித் தாக்குதல், கடுங்குளிர். இவற்றில் ஒன்றால் செத்திருக்க வேண்டும். இவை தவிர, தன் மண்ணுக்கு உரிய ஆபத்து என்று ஒரு மாநிலம் அறிவிப்பவற்றையும் ஓர் அளவுக்குச் சேர்த்துக்கொள்ளலாம். கேரளம் இடிமின்னலை அப்படிச் சேர்த்திருக்கிறது. தமிழ்நாடு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது.

இந்த வரிசைக்கு வெளியே செத்தால் வாசல் மாறுகிறது. புலியோ சிறுத்தையோ அடித்தால் வனத்துறையிடம் போக வேண்டும். அறுந்த மின்கம்பியை மிதித்துச் செத்தால் மின்வாரியத்திடம் கேட்க வேண்டும். பாம்பு கடித்தாலோ வயிறு உப்பிச் செத்தாலோ, காப்பீடு இருந்தால் அது, இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. ஒரே தெருவில் ஒரே வாரத்தில் இரண்டு மாடுகள் சாகின்றன, ஒரு வீட்டுக்குப் பணம் வருகிறது, எதிர்வீட்டுக்கு வரவில்லை. ஊர் உடனே வேறு காரணம் கற்பித்துவிடுகிறது. பல நேரம் காரணம் இவ்வளவுதான்.

நோய் தனிக் கதை. 2022இல் தோல் கழலை நோய் வட மாநிலங்களில் மாடுகளை வாரிக்கொண்டு போனபோது, பேரிடர்ப் பட்டியலில் நோய் இல்லை என்பதால் 37,500 யாருக்கும் தானாக வரவில்லை. ராஜஸ்தான் அரசு பிறகு தன் முடிவாக, செத்த கறவைப் பசுவுக்கு 40,000 ரூபாய் கொடுத்தது. மாநிலம் தன் கையிலிருந்து கொடுக்க யாரும் தடை சொல்வதில்லை, கையில் இருக்க வேண்டும்.

அரசே கொல்லும்போது

பறவைக் காய்ச்சல் வந்தால் நோய் கண்ட இடத்தைச் சுற்றியுள்ள கோழிகள், வாத்துகள் எல்லாவற்றையும் அழிக்கிறார்கள். நோய் தாக்காதவையும் சேர்ந்தே போகும். 2009ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டம் அரசுக்கு இந்த அதிகாரத்தைத் தருகிறது. இங்கே கொல்வது அரசு. ஆகவே கொடுப்பது நிவாரணம் ஆகாது, இழப்பீடு. மேய்ந்த எருமையின் சொந்தக்காரர் இடத்தில் இப்போது அரசு நிற்கிறது. கேரளத்தின் குட்டநாட்டில் வாத்துகளை அழித்தபோது இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட பறவைக்கு 200, அதற்கு இளையதற்கு 100 என்று கொடுத்திருக்கிறார்கள். மத்திய அரசின் இந்தத் திட்டம் இருப்பதால்தான் பேரிடர்ப் பட்டியல் பறவைக் காய்ச்சலில் செத்த கோழியைத் தன் கணக்கிலிருந்து விலக்கிவைக்கிறது. ஒரே கோழிக்கு இரண்டு வாசலில் நிற்கக் கூடாது.

இந்த இழப்பீட்டில் ஒரு நுட்பம் உண்டு. மத்திய அரசுத் திட்டத்தின் அடிப்படை, அழித்த பறவைக்குப் பணம் என்பதே. அதற்கு முன்பே தானாகச் செத்ததற்கு இல்லை. கேட்பதற்குக் கொடுமையாக இருக்கும். ஆனால் வளர்ப்பவர் இடத்தில் நின்று பாருங்கள். காலையில் பத்து வாத்து செத்துக் கிடக்கிறது. சொன்னால் மிச்சம் தொள்ளாயிரத்து தொண்ணூறையும் அழிப்பார்கள், ஆனால் அவற்றுக்குப் பணம் உண்டு. சொல்லாமல் நான்கு நாள் தள்ளினால் பாதி தானாகச் செத்துப்போகும், அவற்றுக்குக் கிடையாது. சீக்கிரம் சொன்னவருக்கு லாபம் என்று ஆக்குவதுதான் நோக்கம். தொகை மிகக் குறைவாக இருந்தால் மூன்றாவது வழி ஒன்று திறக்கும். இரவோடு இரவாக வண்டியில் ஏற்றிப் பக்கத்து மாவட்டச் சந்தையில் விற்றுவிடலாம், நோயும் சேர்ந்து போகும். ஆகையால் இந்த இழப்பீட்டை விவசாயிக்கு இரங்கிக் கொடுப்பது என்று நினைப்பது பிழை. நாட்டின் மற்றப் பண்ணைகளைக் காக்கக் கொடுக்கும் விலை அது. பிரிட்டனில் 2001 கோமாரி நோயின்போது அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட விலங்குகளைக் கொன்று, கொன்றதற்குச் சந்தை விலை கொடுத்ததும் இந்தக் காரணத்தால்தான்.

இங்கே நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தால்: இயற்கை கொன்றால் பட்டியல் தொகையில் நிவாரணம், நோயைத் தடுக்க அரசு கொன்றால் இழப்பீடு, நோய் தானாகக் கொன்றால் காப்பீடு, அல்லது மாநிலம் மனமிரங்கி அறிவிப்பது.

உயிரோடு இருப்பவற்றுக்கு

வறட்சியில் மாடு ஒரே நாளில் சாவதில்லை, எலும்பு தெரிய நிற்கிறது. அதற்கும் பட்டியலில் இடம் உண்டு. தீவன முகாமில் வைத்துப் பராமரிக்கும் பெரிய மாட்டுக்கு நாளொன்றுக்கு 80 ரூபாய், சிறியதற்கு 45. இதை முகாம் நடத்துவோருக்குத் தருகிறார்கள், மாட்டுக்காரர் கையில் இல்லை. தமிழ்நாட்டில் வறட்சி ஆண்டுகளில் முகாமுக்குப் பதிலாகத் தீவனக் கிடங்கு திறந்து, கிலோ 2 ரூபாய்க்கு வைக்கோல் கொடுத்ததைப் பலர் பார்த்திருப்பீர்கள்.

பணம் எந்தப் பையிலிருந்து வருகிறது

ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் தொலைக்காட்சியில் ஒரு சண்டை நடக்கும். “மத்திய அரசு ஒரு பைசா தரவில்லை” என்பார் ஒருவர். “முன்பே கொடுத்துவிட்டோம்” என்பார் மற்றவர். இருவர் பேசுவதும் வேறு வேறு பையைப் பற்றி.

முதல் பை, மாநிலப் பேரிடர் நிதி. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி ஒவ்வொரு மாநிலத்திலும் இது இருக்கிறது. தமிழ்நாடு போன்ற மாநிலங்களில் நூற்றுக்கு 75 ரூபாய் மத்திய அரசும் 25 ரூபாய் மாநில அரசும் ஆண்டுதோறும் போடுகின்றன, புயல் வந்தாலும் வராவிட்டாலும். சித்தியின் பசுவுக்கு வந்தது இந்தப் பையிலிருந்துதான்.

இரண்டாவது பை, தேசியப் பேரிடர் நிதி. மிகக் கடுமையான பேரிடர் என்று ஏற்றுக்கொண்டால் மட்டும் திறக்கும். அப்போதும் முதல் பையில் இருந்த இருப்பில் பாதியைக் கழித்துக்கொண்டுதான் மீதி வரும். வீட்டுச் சட்டியில் மிச்சம் வைத்துக்கொண்டு அண்டாச் சோற்றுக்கு வராதே என்கிற கணக்கு. மிக்ஜாம் புயலுக்கும் அதே மாதம் தென் மாவட்டங்களில் வந்த வெள்ளத்துக்கும் சேர்த்துத் தமிழ்நாடு கேட்டது ஏறத்தாழ 37,900 கோடி. 2024 ஏப்ரலில் ஒப்புதல் ஆனது சுமார் 682 கோடி. கழித்ததுபோகக் கைக்கு வந்தது சுமார் 276 கோடி. கேட்டதில் சாலை, பாலம் போன்றவற்றை நிரந்தரமாகக் கட்டும் செலவும் அடக்கம். தேசிய நிதியோ பட்டியலில் உள்ள தொகைக்கு மட்டும் கணக்குப் போடும். இடைவெளிக்கு ஒரு பெரிய காரணம் அது. இடைவெளி இவ்வளவு பெரிதாக இருப்பது நியாயமா என்பது வேறு கேள்வி, எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

செத்த மாடு சாட்சி சொல்ல வேண்டும்

கடைசியாக, எல்லாம் தடுமாறும் இடம். பட்டியல், பை எல்லாம் சரியாக இருந்தாலும் கொட்டகையில் கிடப்பது இன்ன பேரிடரில் செத்த இன்னாருடைய மாடு என்று ஒருவர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அது நடக்க உடல் வேண்டும். உடலோ இரண்டாம் நாளே நாறத் தொடங்கிவிடும். புதைக்காவிட்டால் ஊருக்கு நோய், புதைத்துவிட்டால் சாட்சி போயிற்று.

சித்தி வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பசு கிடந்த அன்று பிற்பகல் கிராம நிர்வாக அலுவலர் முழங்கால் சேற்றோடு வந்தார். கையில் நனைந்துபோன நோட்டு. அவருக்குப் பின்னால் கால்நடை உதவி மருத்துவர், கூடவே ஓர் உதவியாளர். மருத்துவர் குனிந்து பசுவின் காதைத் திருப்பிப் பார்த்தார். மஞ்சள் நிறக் காதுவில்லை, அதில் 12 இலக்க எண். சேற்றைப் புறங்கையால் துடைத்துவிட்டு உரக்கப் படித்தார், வி.ஏ.ஓ. எழுதிக்கொண்டார். இரண்டு படம் எடுத்தார்கள், ஒன்றில் பசுவோடு சித்தியும் நிற்க வேண்டும் என்றார்கள். சித்தி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு நின்றார். உடற்கூராய்வு முடிந்து சான்று எழுதினார்கள். அக்கம்பக்கத்தார் இருவர் மகஜரில் கையெழுத்திட்டார்கள். மகஜர் என்பது கண்ணால் கண்டதைச் சாட்சிகள் முன் எழுதிவைக்கும் தாள். மாலையில் ஜேசிபி குழி தோண்டியது, சுண்ணாம்பு கொட்டிப் புதைத்தோம்.

அந்தத் தாள்கள் வட்டாட்சியர் அலுவலகம் போய், ஆதார் எண்ணோடும் வங்கிப் புத்தகத்தோடும் பொருந்தி, பணம் நேராகக் கணக்கில் விழுந்தது. கரும்புக் காட்டில் கிடைத்த ஆட்டுக்கும் 4,000 வந்தது. நல்லவேளையாக அதையும் புதைக்கும் முன் செல்போனில் படம் எடுத்து வைத்திருந்தோம்.

கிடைக்காத ஆட்டுக்கு வரவில்லை. வெள்ளம் அடித்துக்கொண்டு போன உயிருக்கு உடல் ஏது, சாட்சி ஏது? அக்கம்பக்கத்தார் வாக்குமூலத்தையும் முன்பே எழுதிவைத்த கால்நடைக் கணக்கையும் வைத்து ஏற்றுக்கொள்ளும் அலுவலர்கள் இருக்கிறார்கள், ஏற்க மறுப்பவர்களும் இருக்கிறார்கள். காதுவில்லை எண் பதிவில் இருந்தால் இப்படி ஒரு மாடு இருந்தது என்பதற்காவது ஆதாரம் கிடைக்கும். ஆட்டுக்கு வில்லை போட யார் மெனக்கெடுகிறார்கள்?

சித்தி இப்போது மெனக்கெடுகிறார். வந்த பணத்தோடு மகளிர் குழுவில் கடன் வாங்கிச் சேர்த்து ஒரு பசு பிடித்தார். கால்நடை மருந்தகத்தில் முகாம் நடந்த அன்று அதைக் காப்பீட்டில் பதிந்தார். சந்தாவில் 15 விழுக்காடு மட்டும் வளர்ப்பவர் பங்கு, மீதியை மத்திய, மாநில அரசுகள் கட்டுகின்றன என்று யாரோ சொல்லியிருந்தார்கள், அது உண்மைதான். இரண்டு ஆட்டுக்குட்டிகளுக்கும் வில்லை போட வேண்டும் என்று உதவியாளரிடம் பிடிவாதம் பிடித்து, அவர் சலித்துக்கொண்டே போட்டுவிட்டுப் போனார். எண்களைச் சித்தி ஒரு தாளில் எழுதி, ரேஷன் கார்டோடு பிளாஸ்டிக் உறையில் வைத்து, கொட்டகையில் இல்லாமல் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து மேட்டு வீட்டில் கொடுத்து வைத்திருக்கிறார்.